பேஸ் கிடாருக்கு ஒரு பெட்டி

குழாயடியில் குடம் நிரம்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறீர்களா? முதலில் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் குடம், நீர் ஏற ஏறக் குரலை உயர்த்திக்கொண்டே போகும். இன்னும் எவ்வளவு நிரம்ப வேண்டும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். குடத்துக்குள் இருக்கும் காற்றின் அளவு குறையக் குறைய அதன் இயல்பான அதிர்வெண் கூடுகிறது, அதுதான் காரணம். இந்த ஒரே உண்மையை வைத்துக்கொண்டு, மரப்பலகையாலும் பி.வி.சி. குழாயாலும் பேஸ் கிடாருக்கு ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்து, அதைச் சுருதி சேர்க்கவும் முடியும். எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

பேஸ் கிடார் என்பது என்ன? 'மெல்லிசைக் குழுக்களில் நான்கே கம்பிகளுடன் ஒருவர் ஓரமாக நின்று வாசிப்பாரே, அதுதான்' என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியே பரவலாக விற்பனையான முதல் மின் பேஸ் கிடார். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. டிரம்மும் டிரம்பெட்டும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடவும் இல்லை. தமிழ்த் திரையிசையில் இந்தக் கருவியின் அருமையை அறிய வேண்டுமானால் 1980களில் வந்த இளையராஜாவின் பாடல்களை நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். பாடகரின் குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

நான்கு கம்பிகளின் அதிர்வெண்களையும் முதலில் குறித்துக்கொள்வோம். தடித்த கம்பியான ஈ 41.2 ஹெர்ட்ஸ், அடுத்து ஏ 55 ஹெர்ட்ஸ், டி 73.4 ஹெர்ட்ஸ், ஜி 98 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் செல்கிறது (25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்). எனவே ஈ கம்பியின் அலைநீளம் 346 ÷ 41.2, அதாவது 8.4 மீட்டர். உங்கள் வகுப்பறையின் நீளமே அவ்வளவு இருக்காது! இவ்வளவு நீண்ட அலையைக் கையகலக் காகிதக் கூம்பு ஒன்று எழுப்ப வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பெட்டி எதற்கு?

பழைய வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியைத் தனியே எடுத்துப் பாட்டை ஒலிக்கச் செய்து பாருங்கள். பாட்டு கேட்கும், ஆனால் தகரத்தில் கேட்பது போல் மெலிந்து கேட்கும். இப்போது ஓர் அகன்ற அட்டையில் ஒலிபெருக்கியின் வாய் அளவுக்கு வட்டத் துளை வெட்டி, ஒலிபெருக்கியை அத்துளையோடு ஒட்டிப் பிடியுங்கள். தாழ்ந்த ஒலிகள் உடனே வந்து சேர்வதைக் கேட்பீர்கள். அட்டை எந்த ஒலியையும் உண்டாக்கவில்லை. பின் எப்படி வந்தது?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்றைத் தளர்த்துகிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். தாழ்ந்த ஒலியின் அலைநீளம் பல மீட்டர். ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி வரும் வழியோ சில அங்குலம். ஆகவே மேடு பள்ளத்தில் போய் விழுந்து நிரம்பிவிடுகிறது. காற்று முன்னும் பின்னும் ஓடி விளையாடுகிறதே தவிர, ஒலி வெளியே புறப்படுவதில்லை. அட்டை இந்த வழியை மறிக்கிறது. அட்டையின் நான்கு விளிம்புகளையும் பின்னே மடித்து மூடிவிட்டால் அதுவே பெட்டி.

முழுவதும் மூடிய பெட்டியே போதும் என்று நிறுத்திவிடலாம். அதில் தவறில்லை. 1969இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட 300 வாட் எஸ்.வி.டி. கருவிக்குரிய பெட்டிகள் அப்படிப்பட்டவையே. ஒவ்வொன்றிலும் பத்து அங்குல ஒலிபெருக்கிகள் எட்டு. ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே ஒரு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு அதே வழியில் போனால் கூம்பு படாதபாடு படும். ஏன் என்று கேளுங்கள். ஒரே அளவு ஒலி வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஜி கம்பிக்குக் கூம்பு 1 மில்லிமீட்டர் அசைகிறது என்று வைத்துக்கொண்டால், ஈ கம்பிக்கு (98 ÷ 41.2) இன் இருமடி, அதாவது சுமார் 5.7 மில்லிமீட்டர் அசைய வேண்டும்! பல ஒலிபெருக்கிகளுக்கு அவ்வளவு நடை கிடையாது. கம்பிச்சுருள் காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடும். அல்லது பின்தகட்டில் மோதி நசுங்கும். பாட்டுக் கேட்பதற்கான வீட்டு ஒலிபெருக்கியில் பேஸ் கிடாரை இணைத்து, ஒரே மாலையில் அதைக் கிழித்தவர்கள் பலர்.

பின்பக்கம் வீணாகும் ஒலியையும் முன்பக்கம் கொண்டுவந்து சேர்த்தால் என்ன? இந்த எண்ணத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர் அமெரிக்க பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் துராஸ். 1930இல் விண்ணப்பித்த அவருடைய காப்புரிமை 1932இல் வழங்கப்பட்டது. மூடிய பெட்டியில் ஒரு துளையிட்டு அதில் ஒரு குழாயைப் பொருத்துவதுதான் அவர் செய்தது. 'துளை போட்டால் காற்று கசிந்துவிடாதா, மேடும் பள்ளமும் மறுபடி சேர்ந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதற்கு விடை சொல்ல ஒரு புட்டியும் ஒரு சாவிக்கொத்தும் வேண்டும்.

புட்டியும் சாவிக்கொத்தும்

ஒடுங்கிய கழுத்துள்ள கண்ணாடிப் புட்டியின் வாயில் உதட்டை வைத்துக் குறுக்கே ஊதுங்கள். 'பூம்' என்று ஒரு தனிச்சுரம் எழும். கழுத்தில் இருக்கும் காற்று ஒரு சிறு கட்டியைப் போலவும், வயிற்றில் இருக்கும் காற்று ஒரு சுருள்வில்லைப் போலவும் செயல்படுகின்றன. கட்டி உள்ளே போனால் வில் அமுங்கித் திருப்பித் தள்ளும். வெளியே போனால் வில் விரிந்து உள்ளே இழுக்கும். வில்லில் கட்டிய எடை எப்படித் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் ஆடுகிறதோ, அப்படியே இதுவும் ஆடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்தகைய வெற்றுக் குடுவைகளைக் காதில் பொருத்திக்கொண்டே ஓர் இசையொலிக்குள் எந்தெந்தச் சுரங்கள் கலந்துள்ளன என்று பிரித்தறிந்தார். 1863இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடித்தளம். ஆகவே இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்கிறோம். நம் கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு நெருக்கியும் விலக்கியும் அடித்தொனியை மாற்றுவதும் இதே விதிப்படிதான். வாய் குறுகினால் சுரம் தாழும்.

இதற்கான கணக்கு எளியது. எல்லா அளவுகளையும் சென்டிமீட்டரில் எடுத்துக்கொண்டால்,

அதிர்வெண் = 5500 × √(கழுத்தின் பரப்பு ÷ (வயிற்றின் கொள்ளளவு × கழுத்தின் பயனுறு நீளம்))

5500 என்ற எண், ஒலியின் வேகத்தை (நொடிக்கு 34,600 செ.மீ.) 2π ஆல் வகுத்தால் கிடைப்பது. 'பயனுறு நீளம்' என்றேனே, அது என்ன? கழுத்துக்கு வெளியே சிறிது தூரம் வரையிலும் உள்ளே சிறிது தூரம் வரையிலும் உள்ள காற்றும் கட்டியோடு சேர்ந்து ஆடுகிறது. அதற்காகக் கழுத்தின் உண்மையான நீளத்தோடு அதன் விட்டத்தில் 0.73 மடங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 700 கன செ.மீ. வயிறும், 6 செ.மீ. நீளமும் 2 செ.மீ. விட்டமும் உள்ள கழுத்தும் கொண்ட புட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 135 ஹெர்ட்ஸ் வரும். பாதி வயிற்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் 190 ஹெர்ட்ஸ். முக்கால் பங்கு ஊற்றினால்? 270 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஸ்தாயி மேலே! சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

இப்போது சாவிக்கொத்து. அதை ஒரு முழ நூலில் கட்டித் தொங்கவிட்டு, நூலின் மேல்முனையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். சாவிக்கொத்து கையோடு கூடவே வரும். அசைவை வேகப்படுத்துங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில், கை சிறிதே அசைய, சாவிக்கொத்து பெரிதாக வீசி ஆடும். அதுதான் ஒத்ததிர்வு. இன்னும் வேகமாக அசைத்தால்? கை இடம் போனால் சாவிக்கொத்து வலம் போகும்; கை வலம் வந்தால் அது இடம் போகும். நேர் எதிர்!

பெட்டியிலும் இதுவே நடக்கிறது. கை என்பது கூம்பின் பின்பக்கம். சாவிக்கொத்து என்பது குழாயிலுள்ள காற்றுக்கட்டி. பின்பக்க ஒலி ஏற்கெனவே முன்பக்கத்துக்கு எதிரானது. ஒத்ததிர்வுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் குழாய்க் காற்று அதை இன்னொரு முறை எதிராக்குகிறது. எதிருக்கு எதிர் நேர் அல்லவா? எனவே குழாயிலிருந்து வரும் ஒலி முன்பக்க ஒலியோடு கைகோத்துக்கொள்கிறது. சரியாக ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஒரு விந்தை நிகழ்கிறது. குழாய்க் காற்று பெருவீச்சில் ஆடும். அதனால் பெட்டிக்குள் எழும் அழுத்தம் கூம்பை ஏறக்குறைய அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒலி முழுவதும் குழாய் வழியே வரும், கூம்பு ஓய்வெடுக்கும்! எந்த இடத்தில் மூடிய பெட்டி கூம்பைக் கொன்றதோ, அந்த இடத்தில் துளையுள்ள பெட்டி அதைக் காக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒத்ததிர்வுக்குக் கீழே போனால் சாவிக்கொத்து கையோடு கூடவே வருகிறது அல்லவா? அப்போது குழாய் வெறும் ஓட்டைதான். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்கும். கூம்பைத் தாங்கும் காற்று வில்லும் இருக்காது. ஒலி இல்லாமலே கூம்பு துள்ளித் துள்ளி உயிரை விடும். ஆகவே பெட்டியை எந்த அதிர்வெண்ணில் சுருதி சேர்க்கிறோம் என்பது இசைச் சுவையை மட்டும் பொறுத்த கேள்வியன்று. ஒலிபெருக்கி பிழைக்குமா என்ற கேள்வி.

அளவுகள்

துராஸுக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகள் இத்தகைய பெட்டிகளைப் பெரும்பாலும் கைப்பழக்கத்தில்தான் செய்துவந்தார்கள். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், பெட்டியையும் ஒலிபெருக்கியையும் சேர்த்து ஒரே மின்சுற்றாகக் கருதிக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். பத்து ஆண்டுகள் அதைப் பிற நாட்டார் அதிகம் கவனிக்கவில்லை. 1971இல் அமெரிக்க இதழொன்றில் மறுபடி அச்சான பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அதே காலத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அம்முறையை விரிவுபடுத்தினார். இன்று நல்ல ஒலிபெருக்கி வாங்கினால் கூடவே தரும் தாளில் 'தீல்–ஸ்மால் அளவுகள்' என்று சில எண்கள் இருக்கும். அவற்றில் மூன்று நமக்கு வேண்டும். முதலாவது, கூம்பின் சொந்த ஒத்ததிர்வு அதிர்வெண். இரண்டாவது, அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று காட்டும் 'க்யூ' எண், இது 0.3 முதல் 0.4 வரை இருந்தால் குழாய்ப் பெட்டிக்கு ஏற்றது, 0.5க்கு மேலே போனால் மூடிய பெட்டியே நல்லது. மூன்றாவது, கூம்பின் தொங்கலுக்குச் சமமான மென்மையுள்ள காற்றின் கொள்ளளவு, லிட்டரில். 'இத்தனை வாட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சுருள் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைத்தான் வாட் சொல்கிறது. எவ்வளவு உரக்கப் பாடும் என்பதையன்று. நல்ல ஒலிபெருக்கியிலும் செலுத்தும் மின்சாரத்தில் நூற்றுக்குச் சில பங்கே ஒலியாகிறது, மீதி சூடுதான்.

எடுத்துக்காட்டாக 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒத்ததிர்வு 48 ஹெர்ட்ஸ், க்யூ 0.38, சமக் காற்று 80 லிட்டர். பேஸ் கிடாருக்கென்று விற்பவற்றில் இது நடுத்தரமானது. இதற்கு 65 லிட்டர் பெட்டியும் 48 ஹெர்ட்ஸ் சுருதியும் பொருந்தும்.

ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, 48 எப்படிப் போதும் என்று கேட்கலாம். கம்பியைத் தட்டும்போது அடிப்படை அதிர்வெண் மட்டுமா எழுகிறது? 82.4, 123.6, 164.8 என்று அதன் மடங்குகளும் எழுகின்றன. பேஸ் கிடாரில் பெரும்பாலும் 82.4 தான் 41.2ஐ விட வலுவாக இருக்கும். நம் காது கெட்டிக்காரக் கணக்காளர். மடங்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 41.2 என்று கண்டு, அடிப்படைச் சுரத்தையும் தானே கேட்டுக்கொள்ளும். உள்ளங்கை அளவு வானொலியிலும் பேஸ் வாசிப்பின் மெட்டு புரிவது இதனால்தான். ஆகவே 41 வரை கீழே இறங்கப் பெட்டியை இரு மடங்காக்குவதைவிட, 48இல் நிறுத்தி, 60 முதல் மேலே உள்ளதை உறுதியாகத் தருவது மேல் என்பது என் கருத்து. ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக உள்ள பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ்; அதை இந்தப் பெட்டியில் உரக்க வாசிக்கக் கூடாது. காரணம் மேலே சொன்னதே.

பெட்டியின் உள்ளளவு: உயரம் 55 செ.மீ., அகலம் 38 செ.மீ., ஆழம் 34 செ.மீ. பெருக்கினால் 71 லிட்டர். ஒலிபெருக்கியின் பின்பகுதி 3 லிட்டர், சட்டங்கள் 2 லிட்டர், குழாய் 1 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 65. மூன்று அளவுகளும் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலைகள் உண்டாகும்: 55 செ.மீ. உயரத்துக்கு 315 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 455, ஆழத்துக்கு 509. கனசதுரமாகச் செய்தால் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, அந்தச் சுரம் மட்டும் 'ஙொய்' என்று கத்தும்.

18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். பக்கப் பலகைகள் 58.6 × 34 செ.மீ. இரண்டு, மேல், அடிப் பலகைகள் 38 × 34 செ.மீ. இரண்டு, முன், பின் பலகைகள் 58.6 × 41.6 செ.மீ. இரண்டு. நான்கு அடிக்கு நான்கு அடிப் பலகையில் ஆறும் அடங்கிவிடும். சட்டங்களுக்குத் துண்டும் மிஞ்சும். தச்சுப் பட்டறையில் இயந்திரத்தில் அறுத்து வாங்கிக்கொள்வதே நல்லது. விளிம்பு நேராக இல்லையானால் காற்றுக் கசியும். கசியும் பெட்டி சுருதி நிற்காது.

வெள்ளைப் பசை தாராளமாகப் பூசித் திருகாணியால் இறுக்குங்கள். உள்மூலைகளில் 2 செ.மீ. சட்டங்களை ஒட்டுங்கள். இரு பக்கப் பலகைகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றும், முன்பின் பலகைகளுக்கு நடுவே ஒன்றும் அவசியம். முட்டியால் பலகையைத் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று நீண்டால் அந்தப் பலகை தானே பாடப்போகிறது என்று பொருள். 'டக்' என்று நின்றால் சரி. பின்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும், மேல் பலகையின் உட்புறத்திலும் பஞ்சுத் தடுப்பு ஒட்டுங்கள். இது நிலை அலைகளை விழுங்கும். குழாயின் உள்வாயைப் பஞ்சு மூடிவிடக் கூடாது.

ஒலிபெருக்கிக்கான துளை 28 செ.மீ. அளவில் இருக்கும், வெட்டும் முன் கையிலுள்ளதை அளந்துகொள்ளுங்கள். கம்பிகளை இணைக்கும்போது எது கூட்டல் முனை என்ற ஐயம் வந்தால் 1.5 வோல்ட் பாட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பாட்டரியின் கூட்டல் பட்ட முனையே கூட்டல் முனை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறக்க வேண்டாம். சுவர் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளைத் தாக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். நம் வேலை முழுவதும் அதன் வெளிமுனைகளோடு மட்டுமே.

இனி குழாய். 10 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. நம் வாய்பாட்டில் 48 ஹெர்ட்ஸும் 65,000 கன செ.மீ. கொள்ளளவும் இட்டால் பயனுறு நீளம் 15.8 செ.மீ. என்று வரும். அதில் விட்டத்தின் 0.73 மடங்கான 7.3 செ.மீ. கழிந்தால் மீதி 8.5 செ.மீ. ஆனால் 8.5க்கு அறுத்துவிடாதீர்கள்! 12 செ.மீ. அறுங்கள். அறுத்த குழாய் வளராது. வாய்களின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்குங்கள். கூரான விளிம்பில் காற்று 'புஸ் புஸ்' என்று சீறும்.

சுருதி சேர்த்தல்

பெட்டியை மல்லாக்கப் படுக்கவையுங்கள். கூம்பு வானத்தைப் பார்க்கட்டும். கைப்பேசியில் கிடைக்கும் ஒலி எழுப்பும் செயலி ஒன்றிலிருந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியே மெதுவான அளவில் செலுத்துங்கள். இடைவிடாத ஒரே ஒலியை உரக்கச் செலுத்தினால் சுருள் கருகிவிடும்; காதுக்கும் கேடு. கூம்பின் மேல் நாலைந்து அரிசிகளைப் போடுங்கள். அவை துள்ளும். எந்த அளவில் நன்றாகத் துள்ளுகின்றனவோ அந்த அளவில் நிறுத்திக்கொண்டு, அதிர்வெண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 50ஐ நெருங்கும்போது துள்ளல் அடங்கத் தொடங்கும். ஓரிடத்தில் அரிசிகள் பேசாமல் உட்கார்ந்துவிடும். அதே நேரத்தில் குழாயின் வாய்க்கு நேரே ஒரு மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்தால் அது படபடக்கும்! கூம்பு நிற்கிறது, குழாய் பாடுகிறது. அந்த அதிர்வெண்தான் பெட்டியின் சுருதி. இன்னும் கீழே போனால் அரிசிகள் மறுபடி துள்ளும். அங்கே அதிக நேரம் நிற்காதீர்கள்.

12 செ.மீ. குழாய்க்குக் கணக்குப்படி 43.5 ஹெர்ட்ஸ் வர வேண்டும். ஒரு செ.மீ. அறுத்தால் 44.7, இன்னொன்று அறுத்தால் 46, ஒவ்வொரு செ.மீட்டருக்கும் சுமார் 1.2 ஹெர்ட்ஸ் உயரும். உங்கள் பெட்டியில் ஓரிரு ஹெர்ட்ஸ் முன்பின்னாக இருக்கலாம். சட்டங்களின் பருமன், பஞ்சு, குழாய் வாய்க்கு அருகிலுள்ள சுவர் எல்லாம் சிறிது மாற்றும். வேறுபாடு நாலைந்து ஹெர்ட்ஸைத் தாண்டினால் கசிவைத் தேடுங்கள். தாழ்ந்த ஒலியைச் செலுத்தி, ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போங்கள். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே பசை போதவில்லை. பத்தியின் கங்கு கூம்பின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசியை நம்பாதவர்களுக்கு மின்னளவியும் உண்டு. 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை ஒலிபெருக்கியோடு தொடரிணைப்பில் சேர்த்து, ஒலிபெருக்கியின் இரு முனைகளுக்கிடையே மாறுமின் அழுத்தத்தை அளவுங்கள். மின்தடை பெரிது என்பதால் மின்னோட்டம் ஏறத்தாழ மாறாது. அழுத்தம் ஒலிபெருக்கியின் மின் எதிர்ப்பைக் காட்டும். 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை அளந்து வரைபடத் தாளில் குறித்தால், இரண்டு குன்றுகளும் நடுவே ஒரு பள்ளத்தாக்கும் தோன்றும். நம் எடுத்துக்காட்டுக்குக் குன்றுகள் கணக்குப்படி 28, 81 ஹெர்ட்ஸ் அருகில் வரும். பள்ளத்தாக்கின் அடிதான் சுருதி. குன்று எதற்காக? கூம்பு வேகமாக அசையும்போது சுருள் காந்தப் புலத்தை வெட்டித் தானும் ஒரு மின்னியக்கு விசையை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை எதிர்க்கிறது. கூம்பு நின்றால் எதிர்ப்பும் நின்று, கம்பியின் மின்தடை மட்டுமே மிஞ்சும். லென்சின் விதியைப் படித்தபோது இது எங்கே பயன்படும் என்று நினைத்திருப்பீர்கள்! மலிவான மின்னளவிகள் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே 48க்கு அருகில் அவை பொய் சொல்வதில்லை. 28இல் சற்றே தடுமாறலாம்.

சுருதி சேர்ந்ததும் குழாயை ஒட்டிவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்து வாசியுங்கள். அறையின் நடுவில், சுவரோரம், மூலை என்று மூன்று இடங்களில் வைத்துக் கேளுங்கள். மூலையில் தாழ்ந்த ஒலிகள் கூடிவிடும். சிறு அறையில் அது அளவு மீறி, மெட்டு குழம்பவும் செய்யும்.

கடைசியாக ஒன்று. குழாயின் வாயில் ஒரு துண்டைச் சுருட்டி இறுக்கமாக அடைத்துவிட்டு மேற்கண்ட வரைபடத்தை மறுபடி வரையுங்கள். இப்போது அது மூடிய பெட்டி. இரண்டு குன்றுகள் இருந்த இடத்தில் ஒரே குன்றுதான் வரும். அதன் உச்சி ஒலிபெருக்கியின் சொந்த ஒத்ததிர்வான 48க்கு மேலே, 70 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ஏன் மேலே போயிற்று என்பதற்கு விடை இக்கட்டுரையின் முதல் பத்தியிலேயே பாதி இருக்கிறது. மீதியைக் காற்று வில்லையும் கூம்பின் தொங்கலையும் சேர்த்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.